ஹேண்டில்பாரை உயர்த்திய பின் பழைய கேபிள்களே போதுமா?

கேள்வி: 12 பிப்ரவரி 2022

2016ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். நெடுந்தூரம் ஓட்டினால் தோள் வலிப்பதால் சென்ற வாரம் நான்கு அங்குலம் உயரமான ஹேண்டில்பார் மாற்றினேன். பட்டறையில் பழைய கேபிள்களையே பூட்டி, கேபிளின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்ட்டரை முழுவதும் உள்ளே திருகிவிட்டு, ஓட ஓடக் கேபிள் இழுத்துக்கொடுத்துத் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். வண்டி ஓடுகிறது. இடப்பக்கம் முழுவதும் திருப்பினால் மட்டும் இன்ஜின் சத்தம் கூடுகிறது. கேபிள் எட்டினால் போதும் என்பதே என் கருத்தும். இதற்காகப் புதிதாகச் செலவு செய்ய வேண்டுமா?

பதில்: 12 பிப்ரவரி, இரவு

உங்கள் கேபிள் எட்டவில்லை. ஹேண்டில் நேராக நிற்கும்போது எட்டுவதை வைத்து எட்டுகிறது என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஆக்சிலேட்டர் பிடி வலது கையில் இருக்கிறது. இடப்பக்கம் திருப்பும்போது அந்தப் பிடி இன்ஜினை விட்டு விலகி முன்னே போகிறது, கேபிள் இழுபடுகிறது, நீங்கள் முறுக்காமலேயே கார்புரேட்டர் திறக்கிறது. கிளட்ச் இடது கையில் இருப்பதால் அதற்கு இதே கதி வலப்பக்கம் திருப்பும்போது நேரும். அதைப் பார்த்தீர்களா?

குறுகலான தெருவில் அரைக் கிளட்சில் ஒடித்துத் திரும்பும் நேரத்தில் இன்ஜின் தானாக வேகமெடுத்தால் எதிர்ச் சுவர்தான் வண்டியை நிறுத்தும். சரிசெய்யும்வரை எடுக்காதீர்கள்.

13 பிப்ரவரி

நேற்று அவசரமாக எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விரித்துச் சொல்லாவிட்டால் உறக்கம் வராது.

கேபிள் என்றவுடன் எல்லோரும் உள்ளே ஓடும் கம்பியையே நினைக்கிறார்கள். பட்டறையில் இன்னர், அவுட்டர் என்று சொல்வதை நான் இங்கே கம்பி, உறை என்றே எழுதுகிறேன். கம்பி இழுக்கிறது, அந்த இழுப்புக்குச் சமமான விசையால் உறை அழுத்தப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். உறையின் இரு முனைகளும் லிவர் பக்கமும் இன்ஜின் பக்கமும் உள்ள தத்தம் குழிகளில் உட்கார்ந்திருக்கும்போது, உறைக்கு வெளியே கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே கணக்கு. கேபிள் எந்த வழியாக வளைந்து போனாலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. அதனால்தான் ஹேண்டிலைத் திருப்பினாலும் கிளட்ச் கிளட்சாகவே இருக்கிறது.

உறையின் நீளம் போதாமல் போகும் கணத்தில் இந்த ஏற்பாடு குலைகிறது. ஹேண்டில் இழுக்கும்போது உறையின் முனை தன் குழியை விட்டுக் கிளம்புகிறது. கிளம்பிய அளவுக்குக் கம்பி செல்ல வேண்டிய வழி நீள்கிறது, கம்பி நீளாது, ஆகவே மறுமுனையில் இருக்கும் கிளட்சையோ கார்புரேட்டரையோ அது இழுக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டிலை இடம் வலமாக மெதுவாகத் திருப்பியபடி லிவருக்கு அருகில் உறையின் முனையைக் கவனித்தால், அது குழியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போவதைக் கண்ணாலேயே காணலாம்.

அட்ஜஸ்ட்டரை உள்ளே திருகினால் கம்பி தளரும். உறை நீளாது. உங்கள் பட்டறையில் செய்தது இதுதான்: நோய் அப்படியே இருக்கிறது, அறிகுறி மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது. கம்பி இழுத்துக்கொடுக்கும் என்பது புதுக் கேபிளின் முதல் சில நாட்களுக்கு ஓரளவு உண்மைதான். ஆனால் இழுத்துக்கொடுப்பது கம்பி. உங்களுக்குக் குறைவாக இருப்பது உறை.

13 பிப்ரவரி, மாலை

ஒரு சுவையான செய்தி. உறைக்குள் கம்பியை ஓட்டும் இந்த ஏற்பாட்டைப் பௌடன் கேபிள் என்பார்கள். ராலே சைக்கிள் நிறுவனத்தின் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்றது. நம் மோட்டார் சைக்கிளின் கிளட்சும் சைக்கிளின் பிரேக்கும் உடன்பிறப்புகள்.

16 பிப்ரவரி

மேலே எழுதியது பாதி தவறு. காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். ராலேயின் தலைவர் பிராங்க் பௌடன் வேறொருவர். ஆண்டு சரி, ஆள் தவறு. முப்பது ஆண்டுகள் இதையே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால் குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளவும்.

20 பிப்ரவரி

"கொஞ்சம் இழுவையாக இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு புல்லட் ஸ்டாண்டர்ட் 350, வார்ப்பிரும்பு இன்ஜின். இடுப்பு வலி காரணமாக 2011இல் ஐந்து அங்குலம் உயரமும் மூன்று அங்குலம் பின்வாட்டமும் உள்ள ஹேண்டில்பார் போட்டேன். அந்த வண்டியில் ஹேண்டிலிலிருந்து இறங்கும் கேபிள்கள் நான்கு: கிளட்ச், முன் பிரேக், ஆக்சிலேட்டர், டிகம்ப்ரஷர். சோக் கார்புரேட்டரிலேயே இருக்கிறது. முதல் மூன்றுக்கும் நீளமான கேபிள் ஏற்பாடு செய்த நான், டிகம்ப்ரஷரை மட்டும் அலட்சியமாக விட்டேன். சின்ன லிவர், சின்னக் கேபிள், எப்போதோ ஒரு முறை இழுப்பது, பழையதே போதும் என்று நினைத்தேன்.

புல்லட் தெரியாதவர்களுக்காக: டிகம்ப்ரஷர் என்பது சிலிண்டர் ஹெட்டில் உள்ள சிறிய வால்வு. அதைத் திறந்தால் உள்ளே அழுந்திய காற்று வெளியேறிவிடும். இக்னிஷனைப் போட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் டிகம்ப்ரஷரை இழுத்துப் பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்ட வைத்து, லிவரை விட்டுவிட்டு உதைத்தால் கணுக்காலுக்குச் சேதமில்லாமல் வண்டி கிளம்பும். லிவரை விட்டதும் வால்வு இறுக மூட வேண்டும். மூடாவிட்டால் அழுத்தமே நிற்காது.

என் வண்டி கிளம்பவில்லை. பிளக் மாற்றினேன். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். அக்கம்பக்கத்தில் ஒருவர், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மூன்றாம் நாள், வாசலில் பால்காரருக்கு வழிவிட ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து வைத்திருந்த நிலையிலேயே வெறுப்பில் ஓர் உதை உதைத்தேன். முதல் உதையில் கிளம்பியது. நேராக்கினேன். இரண்டு இருமலோடு நின்றது.

டிகம்ப்ரஷர் லிவர் இடது கையில் இருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் அந்தக் கை இன்ஜினை நோக்கி வருகிறது, கேபிள் தளர்கிறது, வால்வு மூடுகிறது. நேராக நிறுத்தினால் ஒரு மயிரிழை இழுபட்டு வால்வு திறந்தே இருந்திருக்கிறது. உதைக்கும்போது "உஸ்" என்ற சத்தம் மூன்று நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சிலிண்டர் தேய்ந்த சத்தம் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

உங்கள் வண்டியில் கையால் இழுக்கும் டிகம்ப்ரஷர் இல்லை. ஆனால் கிளட்ச் கேபிளுக்கும் இதே நியாயம்தான். எப்போதும் சற்றே இழுபட்டிருக்கும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், தகடுகள் கருகும், மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

22 பிப்ரவரி

நான்கு அங்குலம் உயர்ந்ததால் எல்லாக் கேபிளும் நான்கு அங்குலம் நீளமாக வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. உயரம் ஒரு கணக்கு, பின்வாட்டம் ஒரு கணக்கு, அகலம் ஒரு கணக்கு. பின்வாட்டமான ஹேண்டிலில் பிடிகள் டேங்க்கை நெருங்கி வருவதால், கேபிள் முன்பக்கம் ஒரு வளையம் எடுத்துத்தான் கீழே போக வேண்டியிருக்கும். என் வண்டியில் ஐந்து அங்குல உயர்வுக்குக் கிளட்சுக்கு நான்கு அங்குலமும், பிரேக்குக்கு நாலரையும், ஆக்சிலேட்டருக்கு ஐந்தரையும் தேவைப்பட்டன. மூன்றும் ஒரே ஹேண்டிலிலிருந்து இறங்குபவைதாம்.

நான் அளந்த விதம் இது. சைக்கிள் கடையில் பழைய பிரேக் உறை ஒன்றை வாங்கி, உள்ளே கம்பி இல்லாமல், லிவர் குழியிலிருந்து தொடங்கி, கேபிள் போக வேண்டிய வழியிலேயே, டேங்க்குக்கு அடியில் உள்ள வளையங்களுக்குள் நுழைத்து, இன்ஜின் பக்கக் குழிவரை கொண்டுபோனேன். ஹேண்டிலை இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, எந்த நிலையில் உறை மிகவும் நேராக இழுபடுகிறதோ அந்த நிலையில் அடையாளமிட்டேன். அதற்கு மேல் ஒரு விரற்கடை சேர்த்தேன். நூலாலும் கயிற்றாலும் அளக்கலாமே என்பார்கள். நூல் மூலையில் மடங்கிப் போகும். உறை மடங்காது, வளைந்துதான் போகும். நூலில் வந்த அளவு உறையில் குறைவாகத்தான் படும்.

டிரம் பிரேக் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரேக் கேபிளின் கீழ்முனை சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுவதும் நீண்டு தொங்கும் நிலையில் இருபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எட்டினால்தான் எட்டியதாகக் கணக்கு. தரையில் நிற்கும் வண்டியில் அளந்துவிட்டு மேட்டில் குதித்தால் பிரேக் தானாகப் பிடிக்கும்.

23 பிப்ரவரி

அளவெடுக்கும் வழி பழைய வழியாகவே இருக்கட்டும் என்று சொல்ல விட்டுப்போனது. சிலர் கேபிள் எட்டுவதற்காகவே அதை வளையத்திலிருந்து எடுத்துக் குறுக்கு வழியில் விடுகிறார்கள். சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டு போகும் கேபிளின் மேலுறை உருகி, மழைநீர் இறங்கி, ஒரே பருவத்தில் உள்ளே துருப்பிடிக்கும்.

1 மார்ச்

செய்துகொள்வதா, ஆயத்தமாக வாங்குவதா? உங்கள் வண்டிக்கு நீளக் கேபிள்கள் ஆயத்தமாகக் கிடைக்கும். சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு பகல் அலைந்தால் போதும். கையில் அளவோடு போங்கள். "பெரிய ஹேண்டிலுக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள்.

எனக்கு அப்போது அப்படிக் கிடைக்காததால் செய்துகொண்டேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் கேபிள் கட்டித்தருவார். கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்தில் ஈயம் வைத்துப் பிரியாமல் பிடிப்பார். கம்பியின் முனையில் பூட்டும் சிறு உலோகக் குமிழான நிப்பிளைக் கோத்து, முனையில் உள்ள இழைகளைப் பூப்போல விரித்து, நிப்பிளின் குழிந்த வாய்க்குள் அவை அமரும்படி இழுத்து, உருகிய ஈயக் கிண்ணத்தில் ஒரு முக்கு முக்கி எடுப்பார். இழை விரியாமல் வெறும் ஈயத்தால் ஒட்டிய நிப்பிள் ஒரு நாள் கழன்று கையோடு வரும். நெருப்பை நேராகக் கம்பியில் காட்டவே மாட்டார். அதிகச் சூடு பட்ட கம்பி உறுதி இழந்து, நிப்பிளுக்கு அருகிலேயே அறுந்துபோகும். கிண்ணத்தில் முக்குவதன் நயம் அதுதான்.

இதில் தவறு செய்தது நான். உறை இவ்வளவு, கம்பி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். உறைக்குப் பத்து சென்டிமீட்டர் கூட்டினேன். கம்பிக்கு எட்டு கூட்டினேன். ஏன் எட்டு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேபிள் வந்தது, பூட்டினேன், லிவரில் நிப்பிளை மாட்ட முடியவில்லை. கம்பி வெளியே நீண்டிருக்கும் அளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. "ஐயா, பழையதைக் கொண்டுவாங்க, எவ்வளவு கூட்டணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதுவே சரியான முறை. பழைய கேபிளில் உறைக்கு வெளியே உள்ள கம்பியின் நீளம் வண்டியைக் கட்டியவர்கள் கணக்கிட்டு வைத்தது. உறைக்கு எவ்வளவு கூட்டுகிறோமோ அதே அளவைக் கம்பிக்கும் கூட்டினால் அந்தக் கணக்கு கலையாது. அளக்கும்போது அட்ஜஸ்ட்டரை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், இருபக்கமும் இடமிருக்கும்.

2 மார்ச்

பத்துக்கு எட்டு கூட்டிய இயற்பியல் ஆசிரியர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

9 மார்ச்

புதிய கேபிள் போட்ட பின் கிளட்ச் முன்பைவிடக் கனமாக இருக்கிறது, நீளம் கூடியதால்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீளம் காரணமன்று, வளைவு. ராமேசுவரம் பக்கம் படகுத் துறையில் பார்த்திருப்பீர்கள்: கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பெரிய விசைப்படகைப் பிடித்து நிறுத்துவார். சுற்றுக்குச் சுற்று உராய்வு பெருகிக்கொண்டே போகிறது, கூட்டலாக அன்று, பெருக்கலாக. அதே விதிதான் உறைக்குள் ஓடும் கம்பிக்கும். உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால், ஒரு செங்கோண வளைவு உங்கள் விரலின் உழைப்பை 17 சதவீதம் கூட்டும். இரண்டு செங்கோணம் என்றால் 37. மூன்றுக்கு 60. ஒரு முழுச் சுற்றுக்கு 87. ஹேண்டிலுக்கு முன்னால் அழகாக வளையம் எடுத்து இறங்கும் கேபிளின் எல்லா வளைவுகளையும் கூட்டிப் பாருங்கள். கனத்தின் கணக்கு அங்கே இருக்கிறது. கேபிள் போகும் வழியில் ஒரே ஒரு வளைவைக் குறைத்தால்கூட விரலுக்குத் தெரியும்.

11 மார்ச்

நியாயமான மறுப்பு ஒன்று: இந்த விதியில் வளைவின் கோணம் மட்டுமே வருகிறது, ஆரம் வரவில்லை, அப்படியானால் கேபிளை ஒரே இடத்தில் வெடுக்கென்று ஒடித்தாலும் பரந்து வளைத்தாலும் ஒன்றுதானா?

விதியின்படி ஒன்றுதான். வண்டியில் ஒன்றில்லை. அந்த விதி கயிறு துளியும் விறைப்பில்லாதது என்று எடுத்துக்கொள்கிறது. எஃகுக் கம்பி விறைப்பானது. வெடுக்கென்ற வளைவில் ஒவ்வொரு இழுப்புக்கும் அதே இழைகள் மடங்கி நிமிர்ந்து சோர்வடைந்து ஒவ்வொன்றாக அறுகின்றன. உறையின் உள்பூச்சும் அங்கேதான் தேய்கிறது. நான் மறந்தது இது. ஆகவே வளைவுகள் குறைவாகவும் இருக்க வேண்டும், பரந்தும் இருக்க வேண்டும். லிவரிலிருந்து வெளிவரும் முதல் இரண்டு அங்குலமாவது கேபிள் நேராக வரட்டும்.

20 மார்ச்

எண்ணெய். பூட்டும் முன்பே விட்டுவிடுங்கள். காலிப் பால் பாக்கெட்டின் ஒரு மூலையைச் சிறிதாக வெட்டி, கேபிளின் மேல்முனையை அதற்குள் நுழைத்து ரப்பர் பேண்டால் இறுக்கி, பாக்கெட்டில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி ஆணியில் இரவு முழுவதும் தொங்கவிட்டால், காலையில் கீழ்முனையில் சொட்டும். கீழே கிண்ணம் வையுங்கள். நான் வைக்காத ஓர் இரவுக்குப் பின் எங்கள் வீட்டு வராந்தாவில் எனக்கு இடமில்லாமல் போனது.

21 மார்ச்

திருத்தம். மேலே சொன்னது என் வண்டியில் இருந்ததுபோன்ற பழைய, உள்பூச்சு இல்லாத கேபிள்களுக்கு. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் உறைக்குள் வழவழப்பான பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. அவற்றுக்கு மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் போதும், கடைக்காரர் வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம். கிரீஸ் எந்தக் கேபிளுக்குள்ளும் போகக் கூடாது. அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு களிம்பாகிவிடும். ஆக்சிலேட்டர் கேபிளில் அப்படி ஆனால், முறுக்கிய பிடி திரும்பி வராது. நிப்பிள் லிவரில் சுழலும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டுக் கிரீஸ் வையுங்கள். நிப்பிள் சுழலாவிட்டால் அதன் கழுத்தில் கம்பி மடங்கி மடங்கி அறும். நான் பார்த்த கிளட்ச் கேபிள்களில் அநேகம் அறுந்தது அந்த இடத்தில்தான்.

27 மார்ச்

இவ்வளவு எழுதியும் உங்கள் வண்டியின் முன் பிரேக் கேபிளால் இயங்குவதில்லை என்பதை இன்று காலை காபி குடிக்கும்போதுதான் உணர்ந்தேன். உங்களுடையது டிஸ்க். என் டிரம்மையே நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

டிஸ்க்கில் கேபிளுக்குப் பதிலாகப் பிரேக் ஆயில் நிறைந்த குழாய் இருக்கிறது, ஹோஸ் என்பார்கள். பிரேக் ஹோஸுக்கு அட்ஜஸ்ட்டர் கிடையாது, ஏமாற்ற முடியாது. நான்கு அங்குல உயர்வில் அது இருபக்கமும் முட்டும்வரை திருப்பிய நிலையிலும், ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையிலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இழுபட்டால் நீள ஹோஸ் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது பான்ஜோ போல்ட் பூட்டும் ஹோஸ் முனை வளையத்தின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். குழாயைக் கழற்றினால் காற்று புகும்; காற்றைக் குமிழ் குமிழாக வெளியேற்றும்வரை லிவர் பஞ்சுபோல இருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், டேங்க் மேல் ஈரத்துணி விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உயர்ந்த ஹேண்டிலில் ஆயில் கிண்ணம் சாய்ந்து நிற்கும். லிவர் பிடிப்பானைத் தளர்த்தி அதை மட்டமாக்குங்கள்.

இந்த ஒரு வேலையைக் கைப்பழக்கம் இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம். நானே செய்ததில்லை; பக்கத்தில் நின்று பார்த்தது மட்டும்தான்.

28 மார்ச்

"ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கிறது, இதுவும் கேபிளா" என்று கேட்டவருக்கு: கேபிளன்று, மின்கம்பி. ஹேண்டிலை உயர்த்தியபோது சுவிட்சுக் கம்பிகளும் இழுபட்டிருக்கும். எங்கோ மேலுறை உரிந்து இரும்பில் படுகிறது. ஓர் அனுகூலம், திரும்பும்போது எதிரில் வருபவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது.

3 ஏப்ரல்

மாற்றுக் கேபிளைப் பற்றி ஒருவர் கேட்டதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

நெடும்பயணம் போகும் புல்லட்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் அதே வழியில் ஓட்டி, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் டேங்க்கைக் கழற்றாமலே இரு முனைகளையும் மாற்றி மாட்டிவிட்டுப் போகலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

2013இல் கொல்லிமலைக்குப் போய்த் திரும்பினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. இறக்கத்தில் பாதி வழியில், லிவரை இழுத்தபோது கையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. கிளட்ச் கேபிள் நிப்பிள் கழுத்தில் அறுந்திருந்தது. பதற்றமே இல்லாமல் வண்டியை ஓரங்கட்டி, உடன் வந்த தம்பி முறைக்காரரிடம் முன்யோசனையின் பெருமையைப் பேசிக்கொண்டே டேப்பைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்த கேபிள், பழைய ஹேண்டில் இருந்த காலத்தில் வாங்கி ஓட்டியது. நான்கு அங்குலம் குட்டை.

எப்படியோ இழுத்து மாட்டினோம். நேரே போகும்வரை சரியாக இருந்தது. வலப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் கேபிள் இழுபட்டுக் கிளட்ச் தானாகவே விடுபட்டது. இரண்டாவது கியரின் தடுப்பில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி வளைவின் நடுவே திடீரென்று கட்டவிழ்ந்து உருண்டது. இரண்டு வளைவுகளுக்கு மேல் எனக்குத் துணிவில்லை. தம்பிதான் வழி சொன்னார்: கேபிளை ஹேண்டிலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் ஹேண்டிலைக் கேபிளுக்குக் கொண்டுவரலாம். பிடிப்பான் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைப் பின்னோக்கிக் கீழே சாய்த்து இறுக்கினோம். பிடிகள் என் மடியில் வந்து விழுந்தன. வலப்பக்கம் முட்டும்வரை திருப்பியும் உறை குழியை விட்டுக் கிளம்பவில்லை. மிச்ச வளைவுகளையும் நாமக்கல்வரை உள்ள சாலையையும், சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டவனைப் போல அமர்ந்து ஓட்டி முடித்தேன்.

ஹேண்டில் மாற்றிய அன்றே நான்கு கேபிள்களையும் பட்டியலிட்டவன், ஐந்தாவது ஒன்று டேப்புக்குள் இருந்ததை இரண்டு ஆண்டுகள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

4 ஏப்ரல்

திருகு நிப்பிள் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். அறுந்த கம்பியின் முனையில் மாட்டித் திருகி இறுக்கும் சிறு நிப்பிள் அது. கருவிப் பையில் இரண்டு கிடக்கட்டும். கிளட்சுக்கு மாட்டி வீடு வந்து சேரலாம். பிரேக்குக்கு மாட்டாதீர்கள், உயிரைப் பிடித்து நிறுத்தும் இழுப்பு ஒரு திருகாணியை நம்பி இருக்கக் கூடாது. கொல்லிமலையில் என்னிடம் அது இருந்ததா என்று கேட்க வேண்டாம்.

17 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் கிளட்சும் ஆக்சிலேட்டரும் நீளமானவை வாங்கிப் பூட்டிவிட்டார், ஹோஸையும் வெளியே கொடுத்து மாற்றிவிட்டார். நல்லது. இனி சோதனை. லிவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு, ஆக்சிலேட்டர் பிடியில் அது இழுக்கத் தொடங்கும் முன் ஓரிரு மில்லிமீட்டர் சுழல்வு இருக்க வேண்டும். நேராக வைத்து மட்டும் பார்க்கக் கூடாது. இடது கோடியிலும் வலது கோடியிலும் அதே தளர்வு இருக்க வேண்டும். பிறகு இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். சத்தம் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். பிடியை முறுக்கி விட்டால் எந்த நிலையிலும் "டக்" என்று திரும்பி வர வேண்டும். இது முடிந்தபிறகே தெருவுக்கு எடுங்கள்.

1 மே

புகைப்படம் பார்த்தேன். இப்போது எதிர்ப்பக்கத்துத் தவறு நடந்திருக்கிறது. நான்கு அங்குல ஹேண்டிலுக்கு எட்டு அங்குலம் கூடுதலான கிளட்ச் கேபிள் வாங்கி, மிச்சத்தை ஹெட்லைட்டுக்கு முன்னால் காது வளையம்போலத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இரவில் அதன் நிழல் சாலையில் விழுவதை இன்னும் பார்க்கவில்லை போலும். அதைவிடப் பெரிய தொல்லை, ஹேண்டிலைத் திருப்பும்போது அந்த வளையம் ஃபோர்க்குக்கும் தடுப்பு முட்டுக்கும் நடுவே சிக்கி நசுங்குவது. நசுங்கிய உறைக்குள் கம்பி தேய்ந்துகொண்டே இருக்கும். கிளட்ச் கனமாக இருக்கிறது என்று மார்ச்சில் எழுதினீர்களே, அதற்குக் காரணம் இந்த வளையம்தான். அப்போதே படம் கேட்டிருந்தால் படகுத் துறைவரை போயிருக்க வேண்டியதில்லை.

கடையில் மாற்றித் தர மறுத்தால், கேபிள் கட்டுபவரிடம் கொடுத்து உறையிலும் கம்பியிலும் ஒரே அளவாக மூன்றரை அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே அளவாக. உறைக்கு இவ்வளவு, கம்பிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.